ஜூன் 1-க்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர்

வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு மகளின் கேள்வி இது. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து வருகிற மே 31-ல் ஓய்வு பெறுகிறார். அம்மா கல்யாணமான நாளிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்பவர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். இனி நாள் முழுக்க அந்த இரண்டு பேர் மட்டும் வீட்டில் என்ன செய்வார்கள், சண்டை போட்டுக்கொள்வார்களா, அப்பாவுக்குப் பொழுது போக என்ன ஏற்பாடு செய்து கொடுக்கலாம் என்று கேட்கிறார்.

நான் கருவூலத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் ஓய்வூதியப் பிரிவில். 2017-ல், ஓய்வு வயது 58-ஆக இருந்த காலத்திலேயே வெளியே வந்துவிட்டேன். (அப்புறம்தான் 2020-ல் 59, 2021-ல் 60 என்று ஆக்கினார்கள்.) கும்பகோணத்தில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கிறோம். அதனால் உங்கள் கேள்வியை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்று எதுவும் கேட்கவில்லை. ஜூன் 1-ம் தேதி நாள் மாறப்போவது அப்பாவுக்கு மட்டும் இல்லை. அந்த வீட்டில் காலை ஒன்பதேகாலுக்கு உங்கள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, சாயங்காலம் ஆறரை வரைக்கும் ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடமாக ஓடுகிறது. அதில் அம்மா தனக்கென்று அரை டம்ளர் காபி போட்டுக் குடிப்பார். வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசுவார். முந்தின நாள் குழம்பைச் சுடவைத்து நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அரை மணி நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். இரண்டு மணிக்கு அம்மா கூடத்தில் பாயை விரித்து, மின்விசிறிக்கு நேராகத் தலையை வைத்துப் படுப்பார். இது எதையும் உங்கள் அப்பா பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தது வேறு ஒரு நாளை. வீட்டுக்காரர் இருக்கிறார் என்பதற்காக வேறு மாதிரி நடத்தப்பட்ட நாள் அது.

ஆகவே, அந்த ஒன்பது மணி நேரத்துக்குள் உங்கள் அப்பாதான் புதிதாக நுழைகிறவர். இதை அவர் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை வராது.

நான் புரிந்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் என் மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். ஒரே அளவு டப்பாக்களை ஒன்றாக வைத்து, மேலே சீட்டு ஒட்டி, கடுகு மூன்று இடத்தில் இருந்ததை ஒரே டப்பாவில் கொட்டினேன். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ரசத்துக்குத் தாளிக்கும்போது கையை நீட்டினாள். கடுகு அங்கே இல்லை. எண்ணெய் புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "உங்க ஆபீஸ் பீரோவை நான் வந்து அடுக்கினேனாங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்று இடத்தில் இருந்த கடுகுக்கும் காரணம் இருந்தது. ஒன்று தாளிக்க, ஒன்று ஊறுகாய்க்கு வறுத்துப் பொடித்தது, இன்னொன்று புதிதாக வாங்கி வெயிலில் காயவைத்தது.

ஜப்பானில் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் கணவனுக்கு 'நுரெ ஒச்சிபா' என்று ஒரு பெயர் உண்டு. ஈரச் சருகு என்று அர்த்தம். பெருக்கித் தள்ளினாலும் துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டே வருமாம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. நாற்பது வருடம் உழைத்துவிட்டு வந்தவரை அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வீட்டுக்கு வீடு சங்கடம் இதேதான் என்பது அதில் தெரிகிறது. அலுவலகத்தில் இவருக்கு வேலை இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள், ஒரு நாற்காலி இருந்தது. மூன்றும் ஒரே சாயங்காலத்தில் போய்விட்டன. மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள். அவர் பின்னாலேயே போகத்தான் கால் சொல்லும்.

சரி, என்ன செய்யலாம்? பொழுதுபோக்கு ஏற்பாடு எதுவும் செய்யாதீர்கள். அவருக்குக் கைவேலை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். மேற்பார்வை வேலை கூடாது. எங்கள் வீட்டில் அது காய்கறியில் ஆரம்பித்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஆபீசுக்கு ஆள் போகிற வீட்டிலிருந்து எந்தெந்தக் காய்கள் முதலில் காணாமல் போகின்றன என்று. வாழைப்பூ, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், பச்சை மொச்சை, பிரண்டை. எல்லாம் நேரத்தைத் தின்கிறவை. காலை எட்டரைக்குள் டப்பா கட்டுகிற வீட்டில் வாழைப்பூவை யார் ஆய்வது? என் மனைவிக்கு வாழைப்பூ பருப்பு உசிலி என்றால் உயிர். முப்பது வருடத்தில் அதை வருடத்துக்கு இரண்டு தடவை செய்திருந்தால் அதிகம். இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நடுவில் செய்தித்தாளை விரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் உட்காருவோம். மடலை நான் பிரிப்பேன். ஒவ்வொரு பூவிலும் தலை தடித்த ஒரு நரம்பு இருக்கும், அடியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னச் செதில் இருக்கும். இரண்டும் வேகாது, இரண்டையும் எடுக்க வேண்டும். ஆய்ந்த பூவை மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். ஒரு பூ முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில் நாங்கள் பேசுகிறோமா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் அவளுடைய அப்பா சாகும் முன் கடைசியாக என்ன கேட்டார் என்பதை என்னிடம் முதல் தடவையாகச் சொன்னது அப்படி ஒரு வாழைப்பூவின் முன்னால்தான். கல்யாணமாகி முப்பத்து நாலு வருடம் கழித்து. எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, பேசு என்றால் வராத பேச்சு, கை வேறு ஒன்றில் இருக்கும்போது வருகிறது.

காலைக் காபியும் இப்போது என் பொறுப்பு. ராத்திரியே பில்டரில் பொடியைப் போட்டு, தட்டால் லேசாக அமுக்கி, மூடி வைத்துவிடுவேன். நாலே முக்காலுக்கு எழுந்து கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் பால் பாக்கெட் வருவதற்குள் டிகாஷன் இறங்கியிருக்கும். அவள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது டம்ளர் தயார். அவள் வாழ்க்கையில் யாரோ போட்டுக் கொடுத்த காபியோடு நாள் தொடங்குவது இப்போதுதான். உங்கள் அப்பா ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொள்வார் என்றால் அது இதுவாக இருக்கட்டும். சாமான் வாங்குவதை மட்டும் உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சிறுவாடு என்ற சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்து, அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலோ புடவை மடிப்பிலோ பெண்கள் சேர்க்கும் காசு. பேத்திக்கு வளையல், தங்கை மகளுக்கு மொய், கோயில் உண்டியல், கேட்காமல் கை நீட்டுகிற இடமெல்லாம் அதிலிருந்துதான். ஓய்வு பெற்ற மனிதர் செய்யும் முதல் காரியம், பையைத் தூக்கிக்கொண்டு தானே மார்க்கெட்டுக்குப் போவது. மளிகைக் கணக்கை நோட்டில் எழுதுவது. கீரைக்காரரிடம் தானே பேரம் பேசுவது. அவர் குணத்தில் ஒரு குற்றமும் இல்லை, நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றோடு சிறுவாடு வற்றிவிடுகிறது. அதை அம்மா வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு காசு இருந்தது என்பதே சொல்லப்படாத விஷயம். காரணம் தெரியாத எரிச்சல் ஒன்று வீட்டில் வந்து உட்காரும். நான் பார்த்த பல வீடுகளில் 'ரிட்டயர் ஆன பிறகு அம்மா சிடுசிடுப்பாகிவிட்டாள்' என்று பிள்ளைகள் சொன்னதற்குப் பின்னால் இதுதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு வழி சுலபம். பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் என்று மொத்தமாகப் பணம் வரும்போது, அதில் ஒரு பகுதியை அம்மாவின் தனிப் பெயரில் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள். அதற்கு வயது வரம்பு 60 இல்லை. தனிப் பெயரில் 9 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 7.4 சதவீதம். இரண்டு லட்சம் போட்டால் மாதம் ஏறக்குறைய 1,230 ரூபாய் அம்மாவின் சேமிப்புக் கணக்கில் விழும். அதற்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது, முக்கியமாக அப்பா. இவ்வளவுதான். பெரிய தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா பெயரில் போடலாம். ஒருவருக்கு 30 லட்சம் வரை, 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. அம்மாவைக் கூட்டுப் பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம், அவருக்கு 60 ஆகியிருக்க வேண்டியதில்லை. வட்டி விகிதம் மாறக்கூடியது, போடும் அன்று அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பழைய வேலையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓய்வூதியப் படிவங்களோடு கணவன் மனைவி சேர்ந்து எடுத்த ஒரு புகைப்படம் கேட்பார்கள். எத்தனையோ ஜோடிகளுக்கு அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம் அதுதான். நடுவில் பிள்ளைகள் இல்லாத படம். ஸ்டுடியோவில் கொஞ்சம் கிட்டே நில்லுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கூச்சம் அப்படியே படத்தில் இருக்கும். நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நகல்கள் கூடுதலாக எடுத்து ஒன்றை வீட்டில் மாட்டச் சொல்லுங்கள்.

அந்தப் படிவத்தில் அம்மாவின் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் இருப்பது போலவே இருக்க வேண்டும். இதை அலட்சியமாக விட்ட வீடுகளில், கணவர் போன பிறகு அந்த அம்மாக்கள் ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் படியேறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். முழுப் பணிக்காலம் இருந்தால் அப்பாவுக்கு ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அவருக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். இரண்டோடும் அகவிலைப்படி சேரும். 2003 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்தவர் என்று வைத்துச் சொல்கிறேன். இந்தக் கணக்கை அப்பா ஒரு நாள் அம்மாவை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று அம்மா எழுந்து போவார். மறுபடி உட்கார வைக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வருட நேர்காணல் முன்பு ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் இருந்தது, இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். போக முடியாவிட்டால் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்து மின்னணுச் சான்று எடுத்துத் தருவார், 70 ரூபாய்.

சண்டை வருமா என்று கேட்டீர்கள். வரும். அதில் பெரும்பகுதி காது சம்பந்தப்பட்டதாக இருக்கும். இதை யாரும் யோசிப்பதில்லை. அறுபது வயதை ஒட்டி முதலில் மங்குவது மேல்ஸ்தாயி ஒலிகள். ச, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும்; 'ஆ', 'ஓ' என்ற உயிரொலி நன்றாகவே கேட்கும். அதனால் மனைவி அடுக்களையிலிருந்து பேசுவது காதில் விழுகிறது, ஆனால் சொல் புரிவதில்லை. அவர் 'ம்' என்று சொல்லி வைக்கிறார். அப்புறம், 'காலையிலேயே சொன்னேனே', 'நீ எப்ப சொன்னே?' தொலைக்காட்சிச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். முப்பது வருடமாக இருந்த அக்கறை போய்விட்டது என்று ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வார்கள். போனது அக்கறை இல்லை, செவித்திறன். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்யலாம். எனக்கு 61-ல் இடது காதுக்குக் கருவி வந்தது. அதற்குப் பிறகுதான் என் மனைவி எவ்வளவு மெதுவாகப் பாடிக்கொண்டே சமைப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

ராத்திரி பற்றி ஒரு வார்த்தை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழுந்து, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். படுக்கையிலிருந்து குளியலறை வரை சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். சுவரில் கைப்பிடி வையுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான்.

எல்லாவற்றையும் ஒன்றாகவே செய்ய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படாதீர்கள். சாயங்காலம் நான் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கப் போவேன். பதினாறு மண்டபத்தையும் சுற்றி மூன்று தடவை வந்தால் எனக்குப் போதும். படியில் பழைய கூட்டாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவள் என்னோடு வருவதில்லை. அவளுக்கு நாகேஸ்வரன் கோயில், இல்லாவிட்டால் டவுன் பஸ் ஏறித் தன் தோழியோடு தாராசுரமோ சுவாமிமலையோ. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து அவளுக்குக் கொடுத்த சுதந்திரத்தை நான் எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை. ஏழு மணிக்கு இரண்டு பேரும் வீடு திரும்பும்போது, இரண்டு பேரிடமும் சொல்ல ஏதாவது இருக்கிறது. யாரைப் பார்த்தேன், எந்தக் கடையை மூடிவிட்டார்கள், எந்தச் சன்னதியில் கூட்டம். இட்லியோடு அது ஓடிவிடும்.

அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் பயப்படாதீர்கள். என் மகன் விடுமுறைக்கு வந்தபோது, 'ஏம்ப்பா, ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா ஒண்ணுமே பேசலையே, ஏதாவது பிரச்சனையா?' என்று கேட்டான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அவள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் துடைக்கத் தேடியபோது அவள் தலை நிமிராமல் முந்தானையை நீட்டினாள், நான் துடைத்துவிட்டு விட்டேன். எங்களைப் பொறுத்தவரை அந்த ஒரு மணி நேரத்தில் நிறையவே நடந்திருந்தது. கவலைப்பட வேண்டிய மௌனம் வேறு. ஒருவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனி அறைக்குப் போக ஆரம்பித்தால், குளிப்பது தள்ளிக்கொண்டே போனால், பல வருடம் போட்ட கோலம் நாலைந்து நாள் நின்றால், சின்னக் கணக்குகள் தவறிக்கொண்டே இருந்தால், அது மனச்சோர்வாகவோ மறதி நோயின் தொடக்கமாகவோ இருக்கலாம். வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அம்மாவுக்கு ஓய்வு எப்போது என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பு பற்ற வைப்பதில்லை. தெருமுனை மெஸ்ஸிலிருந்து இரண்டு சாப்பாடு வாங்கி வருவேன். முதல் நாலு வாரம் அவள் ரசத்தில் புளி அதிகம், கூட்டில் தேங்காய் இல்லை என்று குறை சொன்னாள். ஐந்தாம் வாரம் பதினொன்றரைக்கே ஈசிச்சேரில் சாய்ந்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லையா என்று கேட்டாள். இது போதாது என்று எனக்குத் தெரியும். அவள் வேலைக்கு 60 வயது என்று யாரும் ஆணை போடவில்லை. உங்கள் வீட்டில் இதைவிட நன்றாகச் செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

நீங்கள் தொலைபேசியில் பேசும் முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான பிள்ளைகள் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, 'அப்பா நல்லா இருக்காரா?' என்று கேட்டு வைத்துவிடுவார்கள். ஆபீஸ் இருந்தவரை அது அவருக்கு உறைக்கவில்லை. இனி உறைக்கும், பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருப்பார். அவரிடம் தனியாகப் பேசுங்கள். உடம்பை மட்டும் கேட்காமல், உங்களுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். பட்டா மாற்றுவது எப்படி, வீட்டு வரி ரசீதில் பெயர் திருத்துவது எப்படி. முப்பது வருடம் ஊரார் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் அவை.

ஜூன் 1-ம் தேதி காலையில் முடிந்தால் கூப்பிடாதீர்கள். அன்று ஒன்பதேகாலுக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்து நிற்பார், நான் நின்றேன். அந்த நேரத்தில் பிள்ளைகளின் குரல் தாங்காது. சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டாவது காபி முடிந்த பிறகு கூப்பிடுங்கள். முதலில் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, மத்தியானம் பாயை விரித்துத் தூங்க முடிந்ததா என்று கேளுங்கள்.